‘வீடு சரியில்லை’ என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் போவதற்குள் ஒன்பதாம் வகுப்பு கிளாஸ் டீச்சருக்குத் தெரிந்துவிடும். முதல் பீரியடிலேயே தூங்கி வழிகிறவன் யார், பின்னாலிருந்து தோளைத் தொட்டால் சட்டென்று கை ஓங்குகிறவன் யார், வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்த பிறகும் கிளம்ப மனமில்லாமல் வராந்தாவிலேயே நிற்கிற பெண் யார் என்று. ஏன் இப்படி என்று கேட்டால் ஆசிரியர் அறையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “வீடு சரியில்லை சார்.”

சொல்கிறவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. பிள்ளையின் நடத்தைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்று அவர் உணர்ந்திருப்பதே பெரிது. ஆனால் பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. வீட்டில் எது சரியில்லை என்ற அடுத்த கேள்வி எழுவதில்லை. அப்பா குடிக்கிறாரா? அம்மா திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட, பிள்ளை அம்மாச்சி வீட்டில் வளர்கிறதா? இரவெல்லாம் சண்டையா? கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்களா? ஒவ்வொன்றும் வளரிளம் வயதுப் பிள்ளையின் மனதில் வெவ்வேறு விதமாக வேலை செய்கிறது. அதற்கு நாம் செய்ய வேண்டியதும் வெவ்வேறு. அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து ‘குடும்பப் பின்னணி’ என்று எழுதிவைத்துவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

இங்கிலாந்தின் தெற்கே இருக்கிறது வைட் தீவு. 1960-களின் நடுவில் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் அங்கே பத்து வயதையொட்டிய பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பிறகு லண்டன் மாநகரின் நெருக்கடியான ஒரு பகுதிப் பிள்ளைகளையும் ஆராய்ந்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். குடும்பத்தில் இருக்கக்கூடிய ஆறு நெருக்கடிகளை எடுத்துக்கொண்டார்கள்: பெற்றோருக்கு இடையே கடும் பிணக்கு, தாழ்ந்த பொருளாதார நிலை, சிறிய வீட்டில் நிறைய பேர், தந்தைக்குக் குற்ற வழக்கு, தாய்க்கு மனநோய், பிள்ளை வீட்டைவிட்டுக் காப்பகத்தில் இருக்க நேர்ந்தது. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, எதுவுமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிட மனநலச் சிக்கல் கூடுதலாக இல்லை. இரண்டு சேர்ந்தபோது ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கானது. நான்கோ அதற்கு மேலோ சேர்ந்தபோது ஐந்தில் ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தது.

எவ்வளவோ ஆய்வுகள் வந்துவிட்டன. இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குள் எடுத்துவந்து பயன்படுத்த இதைவிட நல்ல கண்டுபிடிப்பு எனக்குத் தெரியவில்லை. ஏழை வீடு என்பதாலோ, அப்பா இல்லாத வீடு என்பதாலோ ஒரு பிள்ளை தடுமாறிவிடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போதுதான் தடுமாறுகிறது. அப்படியானால் அவற்றில் ஒன்றை இறக்கிவைத்தாலும் பலன் உண்டு. முழுக் குடும்பத்தையும் திருத்தினால்தான் பிள்ளை தேறும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்

ரட்டரின் ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பெற்றோர் பிரிந்திருப்பதைவிட, ஓயாத சண்டைதான் பிள்ளையை அதிகம் பாதிக்கிறது. தாயோ தந்தையோ இறந்துபோன வீட்டுப் பிள்ளை துயரப்படும். ஆனால் சண்டையில் வளர்கிற பிள்ளையிடம் காணும் முரட்டுத்தனமும் ஒழுங்குமீறலும் அதனிடம் அந்த அளவுக்கு வருவதில்லை.

நம் ஊரில் இதை எடுத்துச் சொல்வது கடினம். “பிள்ளைங்களுக்காகத்தான் சேர்ந்து இருக்கோம்” என்று சொல்லாத தம்பதி குறைவு. பல வீடுகளில் அது உண்மையான தியாகம். பொருளாதார வழியில்லாத ஒரு பெண்ணிடம் பிரிந்து போ என்று வெளியிலிருந்து அறிவுரை சொல்வது சுலபம். ஆனால் பதினான்கு வயதுப் பையனுக்கு, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் படுத்துக்கொண்டு தூங்குவதுபோல் நடிப்பது தினசரி வேலை. எந்தச் சொல்லுக்குப் பிறகு பாத்திரம் பறக்கும் என்று அவனுக்குத் தெரியும். எந்த நேரத்தில் எழுந்து நடுவில் போய் நிற்க வேண்டும் என்றும் தெரியும். காலையில் எல்லோரும் எதுவும் நடக்காததுபோல் இருப்பார்கள். அவனும் ஹோம்வொர்க் செய்யாமல் பள்ளிக்கு வந்து ‘மறந்துட்டேன் டீச்சர்’ என்பான். வேறென்ன சொல்ல முடியும்?

இந்தப் பிள்ளைகளை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். அவர்கள் கவனமில்லாதவர்கள் இல்லை. கவனம் முழுவதும் வேறொரு திசையில் இருக்கிறது. பெரியவர்களின் முகத்தைப் படிப்பதில் அவர்கள் தேர்ந்தவர்கள். குரல் ஒரு கட்டை ஏறினாலே உடம்பு உஷாராகிவிடும். இதயம் வேகமெடுக்கும், கார்ட்டிசால் என்ற சுரப்பு கூடும். ஆபத்து வரும்போது உடல் இப்படித் தயாராவது இயல்பு. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தயார் நிலையிலேயே இருந்தால் தூக்கம் கெடும், நினைவாற்றல் குறையும், எரிச்சல் மிகும். கணக்கு வாத்தியார் சற்று உரக்கக் கேட்ட கேள்விக்கு அவன் முறைத்துக்கொண்டு பதில் சொல்கிறான் என்றால், அவன் உடம்பு பதில் சொல்வது நேற்றிரவு கேட்ட குரலுக்கு.

இரவு எட்டு மணி

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை மதுவைத் தொடாமல் பேச முடியாது. 1983-ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. மதுக்கொள்கையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். குடிக்கும் அப்பா இருக்கிற வீட்டில் வளர்கிற பிள்ளையின் மாலை நேரம் எப்படிக் கழிகிறது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஏழு மணிக்கு மேல் காது வாசலில் இருக்கும். டிவிஎஸ் வண்டி வருகிற சத்தத்திலேயே இன்று எப்படி என்று கணித்துவிடுவார்கள். மூத்த பெண் அம்மாவின் கூலிப் பணத்தை அரிசி டப்பாவுக்குள்ளோ புத்தக அட்டைக்குள்ளோ மறைத்துவைப்பாள். தம்பியைச் சீக்கிரம் சாப்பிடவைத்துப் படுக்கப்போடுவாள். அப்பா தெருவில் விழுந்து கிடந்தால் அழைத்துவரப் போக வேண்டியதும் அவளோ தம்பியோதான். அப்படிப் போகும்போது வகுப்புத் தோழன் யாராவது பார்த்துவிட்டால் மறுநாள் பள்ளிக்கு லீவு. நாம் ‘பொறுப்பான பெண்’ என்று பாராட்டுகிற பிள்ளைகளில் சிலர் இப்படிப் பொறுப்பானவர்கள். அவர்கள் யாருக்கும் தொந்தரவு தர மாட்டார்கள், நன்றாகப் படிக்கவும் கூடும். அதனாலேயே அவர்களை யாரும் கவனிப்பதில்லை. முரண்டு பிடிக்கிற தம்பியாவது தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்படுகிறான். அக்காவை ‘எப்படிம்மா இருக்கே’ என்று கேட்க ஆளில்லை.

இப்படிப்பட்ட சிறுவயது அனுபவங்கள் எவ்வளவு தூரம் தொடர்கின்றன என்பதை 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உலகத்துக்கு உரக்கச் சொன்னது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் சான் டியேகோ நகரில் தொடங்கிய அந்த ஆய்வில் மொத்தம் பதினேழாயிரம் பேருக்குமேல் பங்கேற்றார்கள். வீட்டில் குடிநோயாளி இருந்தாரா, அம்மா அடிபட்டாரா, அடியும் வசவும் பட்டு வளர்ந்தீர்களா என்று சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு எண்ணினார்கள். எண்ணிக்கை ஏற ஏற, வளர்ந்தபின் வரும் மனச்சோர்வு, போதைப் பழக்கம், தற்கொலை முயற்சி, இதயநோய் வரை எல்லாமே ஏறின. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வேலையும் மருத்துவக் காப்பீடும் உள்ள நடுத்தர வர்க்கத்தினர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இது ஏழை வீட்டுக் கதை மட்டும் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

பணம் எங்கே வேலை செய்கிறது?

வறுமை பிள்ளையின் மனதை எப்படித் தொடுகிறது என்று ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் சமூகவியலாளர் க்ளென் எல்டர். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1974-ல் வந்தது. வருமானம் போனதைவிட, வருமானம் போனதால் அப்பா சிடுசிடுப்பானவராக, எப்போது வெடிப்பார் என்று தெரியாதவராக மாறியதுதான் பிள்ளைகளைப் பாதித்தது என்று அவரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். வேலைக்கும் வீட்டு உதவிக்கும் இறங்கிய வளரிளம் பருவத்தினர் பலர், குடும்பம் தங்களை நம்பியிருக்கிறது என்ற உணர்வோடு உறுதியாக வளர்ந்ததையும் அவர் பதிவுசெய்தார். காலையில் பேப்பர் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிற பையனிடம் ஒரு நிமிர்வு இருப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். அந்த வேலை தூக்கத்தையும் படிப்பையும் தின்னத் தொடங்கும்போது கதை மாறிவிடும்.

இதைவிடத் தெளிவான சான்று வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதியில் கிடைத்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 1993 முதல் அங்கே 1,420 பிள்ளைகளை ஆண்டுதோறும் சந்தித்து வந்தார்கள். கால்வாசிப் பேர் செரோக்கி பழங்குடியினர். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே பழங்குடியினரின் நிலத்தில் ஒரு கேசினோ திறந்தார்கள்; லாபத்தில் ஒரு பங்கு பழங்குடிக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர்ந்தது. யாரும் திட்டமிடாமலே, ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று பார்க்க ஒரு வாய்ப்பு அமைந்தது. வறுமையிலிருந்து வெளியே வந்த குடும்பங்களில் பிள்ளைகளின் முரட்டுத்தனம், அடாவடி, ஒழுங்குமீறல் எல்லாம் சுமார் நாற்பது சதவீதம் குறைந்து, ஒருபோதும் வறுமையைப் பார்க்காத பிள்ளைகளின் அளவுக்கு வந்தன. பதற்றமும் மனச்சோர்வும் மட்டும் பெரிதாக மாறவில்லை. இந்த முடிவுகள் 2003-ல் வெளியாயின.

எதனால் மாறியது என்று தேடியபோது கிடைத்த விடைதான் முக்கியமானது. பெற்றோருக்குப் பிள்ளைகளோடு இருக்க, அவர்களைக் கவனிக்க நேரம் கிடைத்திருந்தது.

2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை போகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் தருகின்றன. இலவசம் என்று இவற்றை ஏளனம் செய்கிறவர்கள் அந்த வட கரோலினா முடிவைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆயிரம் ரூபாய் ஒரு வீட்டை வறுமையிலிருந்து தூக்கிவிடாது. ஆனால் மாதக் கடைசியில் ஒரு அம்மா ஓவர்டைம் பார்க்காமல் வீட்டுக்கு வர முடிந்தால், அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். திருப்பூரிலும் கரூரிலும் ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிற பெற்றோரிடம் ‘பிள்ளையோடு நேரம் செலவிடுங்கள்’ என்று அறிவுரை சொல்வதைவிட, அந்த ஷிப்டைப் பற்றிப் பேசுவது நேர்மையானது.

கண்ணாடி வீட்டுப் பிள்ளைகள்

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இந்தியாவில் பிறந்து டெல்லியில் படித்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த சுனியா லூதர், 1990-களின் கடைசியில் வசதியான புறநகர் மாணவர்களை ஏழை நகர்ப்பகுதி மாணவர்களோடு ஒப்பிட்டார். வசதியான பிள்ளைகளிடம்தான் பதற்றமும் போதைப் பொருள் பழக்கமும் கூடுதலாக இருந்தன. இரண்டு காரணங்களை அவர் சுட்டினார்: சாதித்தே தீர வேண்டும் என்ற அழுத்தம், பெற்றோரிடமிருந்து மனதளவில் விலகியிருப்பது. 2015–16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வும் 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. கிராமங்களில் அது 6.9 சதவீதம், பெருநகரங்களில் 13.5.

உண்டு உறைவிடப் பள்ளியில் பல லட்சம் கட்டிச் சேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் ‘டெஸ்ட்ல எவ்வளவு?’ என்பதை மட்டுமே கேட்கிற பெற்றோருக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நகையை அடகுவைத்துக்கூட அனுப்புகிறார்கள். பாசம் மார்க் வழியாக மட்டுமே போய்ச் சேர்கிறது. மார்க் குறைந்தால் பாசமும் குறைந்துவிடும் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடுகிறது. 2017-ல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது நல்ல முடிவு. ஃபிளெக்ஸ் போர்டுகள் இன்னும் நிற்கவில்லை.

2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. எந்த ஒரு சாவுக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டில் யாராவது ஒருவர் ‘போனா போகுது, அடுத்து என்னன்னு பாப்போம்’ என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் அது காப்பாற்றக்கூடும் என்பதை மட்டும் எல்லாப் பெற்றோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து பிள்ளை எடுத்துவருகிற இன்னொன்றைப் பற்றியும் பேச வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சமூக மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்பது உட்படப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் அளித்தது. தாத்தாவும் சித்தப்பாவும் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் அந்தக் கயிறு மணிக்கட்டுக்கு வருகிறது. அதை அறுத்துப் போடுவது எளிது. இன்னொரு பக்கம், எந்த நேரமும் யாராவது தன்னை அளவெடுக்கிறார்கள் என்ற உணர்விலேயே ஒடுங்கிப் படிக்கிற பிள்ளையின் மனநிலையை எந்தக் கவுன்சலிங்கும் தனியாகச் சரிசெய்துவிடாது. அங்கே திருந்த வேண்டியது பிள்ளை இல்லை.

ஒரே ஒருவர் போதும்

ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர், ரூத் ஸ்மித் இருவரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத பிணக்கு என்று பல நெருக்கடிகளும் சேர்ந்த வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எந்தப் பெரிய சிக்கலுமில்லாமல், அன்பும் திறமையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லோருக்கும் வாழ்க்கையில் நம்பகமான ஒரு பெரியவராவது இருந்தார். பாட்டி, அத்தை, அக்கா, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவர்.

நம்மிடம் இதற்குப் பஞ்சமில்லை. கூட்டுக் குடும்பம் கலைந்துவிட்டது என்று புலம்பினாலும் அம்மாச்சிகளும் அப்பத்தாக்களும் பெரியம்மாக்களும் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோர் வெளியூரில் வேலை செய்ய, பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளைகள் தென்மாவட்டங்களில் ஏராளம். அந்தப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பள்ளியிலிருந்து வருகிற வாட்ஸ்அப் செய்தி அவரிடம் போய்ச் சேராது. பெற்றோர் கூட்டத்துக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நிற்பார். பிள்ளையின் மனதுக்குக் கவசமாக இருக்கிறவர் அவரே. அவரை ‘கார்டியன்’ என்று கையெழுத்து வாங்க மட்டும் அழைக்காமல், உட்காரவைத்துப் பேசுகிற பள்ளி எத்தனை?

ஆசிரியரும் அந்த ஒருவராக இருக்க முடியும். பெரும்பாலும் அது பி.டி. வாத்தியாராகவோ நூலகப் பொறுப்பாளராகவோ இருப்பதைக் கவனித்திருக்கிறேன். பாடம் முடிக்கிற அவசரம் அவர்களுக்குக் குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவராக ஆக வேண்டியதில்லை. சில செயல்கள் போதும். ‘அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸ்ல உக்காரலாம்’ என்று சொல்வதற்கு முன், அந்த அப்பா வந்தால் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று ஒரு கணம் யோசிப்பது. எல்லோர் முன்னாலும் ஃபீஸ் பாக்கியைக் கேட்காமல் இருப்பது. பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்து ஒரு நாள் கூலியைப் பறிக்காமல், ஞாயிறு மாலைக்கு மாற்றுவது. வீட்டில் வன்முறையோ பாலியல் சீண்டலோ நடப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைப்பது. போக்சோ சட்டப்படி பாலியல் குற்றத்தைத் தெரிவிப்பது எல்லோருக்கும் கடமை. 2022 அக்டோபர் முதல் செயல்படும் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதிவைக்கலாம்.

இவை எல்லாம் ஆசிரியர்களின் நல்ல மனதை மட்டும் நம்பி நடக்கக் கூடாது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் செய்யும் பதிவேற்றமும் தேர்தல் பணியும் சேர்ந்து அவர்களை ஏற்கெனவே அழுத்துகின்றன. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் முழுநேர ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமான கோரிக்கை இல்லை. லேப் அசிஸ்டென்ட் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை.

கவாய் ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பதினெட்டு வயதில் தடுமாறிக்கொண்டிருந்தவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மீண்டிருந்தார்கள். நல்ல துணை அமைந்தது, ஒரு தொழில் கற்றார்கள், விட்ட படிப்பைத் தொடர்ந்தார்கள், ராணுவத்தில் சேர்ந்தார்கள். இப்படி இரண்டாவது வாய்ப்பு ஏதோ ஒன்று கிடைத்திருந்தது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் சதவீதம் குறையும் என்று பயந்து ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்து ‘டிசி வாங்கிக்குங்க’ என்று சொல்லும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. அந்த டிசி-யோடு வெளியே போகிற பையனுக்கு வீட்டில் இருக்கும் நெருக்கடிகளோடு இன்னொன்றையும் நாம் சேர்த்து அனுப்புகிறோம். துணைத்தேர்வு, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், தனித்தேர்வு என்று அவன் திரும்பி வருவதற்கு வழிகள் இருக்கின்றன. அவன் கையில் டிசி கொடுக்கும் முன் யாராவது ஒருவர் அவன் வீட்டுக்கு ஒருமுறை போய், அங்கே எது சரியில்லை, அதில் எதை இந்த மாதமே மாற்ற முடியும் என்று பார்த்துவிட்டு வரட்டும்.